விருதுநகர் மாஸ்டர்

மண்ணூர்பேட்டையில் எங்கள் கடைப் பரோட்டாவைத் தின்னாதவன், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது. இதைச் சொன்னால் சம்பத் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். பீற்றிக்கொள்கிறேன்தான். எனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் பதினோரு மாதம் நான் பீற்றியதெல்லாம் வடிகட்டிய பொய்.

நான் தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை எண்பத்தாறு கடைசியில் இழுத்து மூடினார்கள். அடுத்த தை மாதமே எஸ்டேட் ரோட்டு முனையில் கடை போட்டேன். நாலு பெஞ்சு, ரெண்டு மேசை, மேலே கீற்று, ஒரு பெரிய பரோட்டாக் கல். கொத்துப் பரோட்டா கொத்துவதற்கு ரெண்டு தகடுகளை மட்டும் நானே இரும்பில் வெட்டி, முனை தீட்டி, பிடி வளைத்துச் செய்தேன். கல்லில் வைத்து அடித்தால் அதன் நாதமே தனி. மாஸ்டராகக் கன்னியப்பன் என்று ஒருவன் பூந்தமல்லியிலிருந்து வந்தான். பின்பக்கம் இருந்து மாவு பிசைவதும் சால்னா வைப்பதும் என் மனைவி சாமுண்டீஸ்வரி. நான் இலை போட்டுப் பரிமாறுவேன்.

பத்து மாதம் ஓடியது. கார்த்திகையில் ஒரு நாள் கன்னியப்பன் வரவில்லை. வேறு கடைக்காரன் கொத்திக்கொண்டு போய்விட்டான் என்று மூன்றரை மணிக்குத்தான் தெரிந்தது. உருண்டை பிடித்த மாவு எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாலரைக்கு முதல் ஷிப்ட் விடும். சங்கு ஊதினால் ரோடு முழுக்க சைக்கிளும் பசியுமாக ஆட்கள் வந்து நிற்பார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எய்ந்து தள்ளி உக்காரு," என்றாள் சாமுண்டீஸ்வரி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்கு முன்னால் போய் நின்றாள்.

முதல் வீச்சில் மாவு கிழிந்தது. ரெண்டாவது அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவதை வீசியபோது, கொடியில் வேட்டி உதறிப் போட்ட மாதிரி மாவு விரிந்து விழுந்தது. சுருட்டித் தட்டிக் கல்லில் போட்டாள். பத்து மாதம் கன்னியப்பன் கையையே பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கடைக்குப் பின்னால் கிடந்த பழைய சோப்பு விளம்பரத் தகரத்தைத் தூக்கி வந்து அடுப்புக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தினேன். பரோட்டா மாஸ்டர் என்றால் ஆம்பிளை. எஸ்டேட் முழுக்க அப்படித்தான். பெண்பிள்ளை போடுகிறாள் என்று தெரிந்தால் சிரிப்பார்கள், எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள் என்று பயம். தெருவில் பெண்டாட்டியை அடுப்படியில் நிறுத்திப் பிழைக்கிறான் என்பார்களே என்ற ரோஷம் வேறு. தகரத்தின் ஓரத்தில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டேன்.

"சாமு, வளையல் சத்தம் கேக்கும். கயட்டிடு," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரெண்டு கைக் கண்ணாடி வளையல்களையும் கழற்றிக் கம்பத்து ஆணியில் மாட்டினாள்.

அன்றைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் பக்தவத்சலம். லேத் பட்டறையில் ஃபோர்மேன். மண்ணூர்பேட்டையின் பழைய விவசாயக் குடும்பம். "எஸ்டேட்டே எங்க வயலு மேலதான்டா நிக்குது" என்று பேச்சை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எதைத் தின்றாலும் தீர்ப்புச் சொல்வார். அவர் நல்லா இருக்கு என்றால் முப்பது பேர் வருவார்கள், முகம் சுளித்தால் முப்பது பேர் போய்விடுவார்கள். முதல் வாயை மென்றுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாபா சம்பத்து, மாஸ்டர மாத்திட்டியா? பரோட்டா பூவு மாதிரி கீது!"

"ஆமாண்ணே. புது ஆளு."

"எந்த ஊரு?"

விருதுநகர்ப் பரோட்டாவைப் பற்றி யாரோ பேசிக் கேட்டது வாயில் நின்றது போலிருக்கிறது. "விருதுநகர்," என்றுவிட்டேன்.

"அதானே பாத்தேன்! நம்ம பக்கத்து ஆளுக்கு இந்த வீச்சு வருமா? பேரு?"

"மாரியப்பன்."

ஒரு பொய்க்குப் பெயர் வைத்துவிட்டால் அது வளர ஆரம்பித்துவிடும். மாஸ்டர் ஏன் வெளியே வருவதில்லை என்று கேட்டார்கள். கூச்ச சுபாவம் என்றேன். ஏன் பேசுவதில்லை என்றார்கள். திக்குவாய் என்றேன். குடும்பம்? ஊரில் இருக்கிறது, ரெண்டு பெண் குழந்தைகள். கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது சாமுண்டீஸ்வரி என்னைச் சீண்டுவாள்.

"யோவ், ஊர்ல கீற என் ரெண்டு பொண்ணுங்களும் எத்தினியாவது படிக்குதுங்க? தெரிஞ்சா சொல்லு, யாராச்சும் கேட்டா நான் முயிக்கக் கூடாது பாரு."

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அதற்குள் அவள் கொத்துக்கு ஒரு தாளமே வந்துவிட்டது. ரெண்டு அடி, ஒரு நிறுத்தம், பிறகு சரசரவென்று மழை பிடித்தது போல ஒரு ஓட்டம், கடைசியில் கல்லின் ஓரத்தில் ஒற்றை அடி. அந்த ஒற்றை அடி கேட்டால் தட்டு வரப்போகிறது என்று அர்த்தம். சங்கு ஊதி கேட்டைத் தாண்டும்போதே அந்தச் சத்தம் கேட்டு ஆட்கள் சைக்கிளை மிதிப்பார்கள். "மாஸ்டர், ரெண்டு முட்டைக் கொத்து!" என்று தகரத்தைப் பார்த்துக் கத்துவார்கள். தகரம் பதில் சொல்லாது. கல் சொல்லும்.

பக்தவத்சலம் வாரம் ஒரு கட்டு பீடி கொண்டு வந்து கொடுப்பார். "மாஸ்டராண்ட குடு. பாவம், ஊர உட்டு வந்து அடுப்புல வேகறாரு." சாமுண்டீஸ்வரி அதையெல்லாம் வீட்டில் அரிசி டின்னின் மேல் அடுக்கி வைத்தாள். ஒரு நாள் அவர் பெஞ்சில் உட்கார்ந்து யாருக்கோ விளக்கம் சொன்னார்: "பரோட்டா ஆம்பள வேலடா. பொம்பள கை பட்டா அது சப்பாத்தி ஆயிடும்." அன்றைக்கு அவர் தட்டுக்கு மட்டும் கொத்து தனிக் காரமாக வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, "மாஸ்டர் இன்னிக்கு செம்ம சூட்டுல கீறாரு" என்று பாராட்டிக்கொண்டே தின்று முடித்தார்.

மே தினம் வந்தது. பட்டறை ஆட்கள் சேர்ந்து மாஸ்டருக்கு என்று வேட்டியும் சட்டையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்கள். வீட்டில் சாமுண்டீஸ்வரி அந்தச் சட்டையை விரித்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தாள்.

"எனக்குத் தொளதொளன்னு கீதே," என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீயே போட்டுக்க. ஆனா ஒண்ணு சொல்லுயா. எம்மா நாளைக்கு நான் மாரியப்பனா இருக்கணும்?"

"கட கொஞ்சம் நிலைச்சு நிக்கட்டும் சாமு."

"நிக்குதே. என் கையி மேலதான் நிக்குது. நல்லாருக்குன்னு அவுங்க சொல்றப்ப, அது யாரு செஞ்சதுன்னு அவுங்களுக்குத் தெரியணும். வேற இன்னா நான் கேட்டேன்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் இல்லாதவனுக்குத்தானே சீக்கிரம் கோபம் வரும்? "தெருவுல என் பொண்டாட்டி அடுப்பாண்ட நிக்கறத ஆயிரம் பேரு பாக்கணுமா?" என்று கத்தினேன்.

"பாக்கறது தப்புன்னா துன்றதும் தப்புதான்," என்றாள். சட்டையை மடித்துப் பீடிக் கட்டுகளின் மேல் வைத்தாள். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் சாயங்காலம் நாலரைக்கு அந்தத் தாளத்தில் ஒரு அடி பிசகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது. உறுத்தினாலும் தகரத்தை எடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எஸ்டேட்டில் காலையிலேயே மெஷின்களைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். எங்கள் கடையிலும் வியாபாரம் கிடையாது. சாமுண்டீஸ்வரி கல்லைப் புளி போட்டுத் தேய்த்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். ரெண்டு கொத்துத் தகடுகளையும் வாழை இலையில் கிடத்திப் பொட்டு வைத்து, பக்கத்தில் பொரி கடலை வைத்துக் கற்பூரம் காட்டினாள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக் கூடாது. அன்று வேலை இல்லை என்பதால் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, கை நிறையப் புது வளையல் போட்டிருந்தாள். நல்ல நாள் என்பதால் நான் தகரத்தையும் கழுவி, அதே இடத்தில் நிறுத்தி, அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தேன். என் புத்தி அப்படி.

ரெண்டு மணி இருக்கும். ரோட்டில் கூட்டமாக ஆட்கள் வருவது தெரிந்தது. முப்பது பேருக்குக் குறையாது. முன்னால் பக்தவத்சலம், கையில் ஒரு சாமந்தி மாலை, ஒரு புதுத் துண்டு. அவர் பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒருவர். சாமுண்டீஸ்வரி சட்டென்று தகரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். பதினோரு மாதப் பழக்கம்.

"சம்பத்து, மிசினுக்கு மாலை போட்டாச்சு, டூலுக்குப் பொட்டு வெச்சாச்சு," என்றார் பக்தவத்சலம். "இத்தினி நாளா எங்க வவுத்துக்குப் போட்ட கைக்கு ஒரு துண்டு போடாத போனா நல்லாருக்காதுன்னு பசங்க சொன்னானுங்க. மாஸ்டர வெளிய கூப்புடு. த பாரு, இவரு ராஜசேகரன். ஆவடி டேங்க் ஃபேக்டரி, குவார்ட்டர்ஸ்ல கீறாரு. விருதுநகர்க்காரரு. ஊர்க்காரரு கையால போடட்டும்னு இட்டுகினு வந்தேன்."

"மாஸ்டர் ஊருக்குப் போயிட்டாருண்ணே," என்றேன்.

"எப்ப?"

"நேத்து."

ராஜசேகரன் சந்தோஷமாகத் தலையாட்டினார். "நல்லதாப் போச்சுங்க. நானும் வெள்ளிக்கிழம ஊருக்குத்தான் போறேன். எந்தத் தெருன்னு சொல்லுங்க, வீட்டுக்கே போயிப் போட்டுட்டு வாரேன்."

"தெரு... கோயில் தெரு."

"எந்தக் கோயிலுங்க?"

விருதுநகரில் எத்தனை கோயில் இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? பக்தவத்சலமே என்னைக் காப்பாற்றினார். "சரி உடு. நல்ல நாளு அதுவுமா கொண்டாந்தத திருப்பி எடுத்துகினு போவக் கூடாது. இந்தா, துண்ட நீ வாங்கி வெய்யி. வந்தா குடுத்துடு."

நான் கையை நீட்டினேன். சத்தியமாக நீட்டினேன். அவளுக்கு வந்த துண்டை மாரியப்பன் பெயரில் நான் வாங்கிக்கொள்ளப் போனேன்.

தகரத்துக்குப் பின்னால் ஒரு அடி விழுந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். இன்னொரு அடி. ஒரு நிறுத்தம். பிறகு அந்த ஓட்டம். கல்லில் மாவு இல்லை, முட்டை இல்லை, எண்ணெய்கூட இல்லை. வெறும் கல்லில் இரும்பு பட்டு அது என்றும் இல்லாத சத்தத்தில் ஒலித்தது. எஸ்டேட்டில் ஒரு மெஷினும் ஓடாத நாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"இது நம்ம மாஸ்டரு அடியாச்சே!" என்றார் பக்தவத்சலம். "ஊருக்குப் போயிட்டாருன்ன?"

அப்புறம் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முப்பது பேரும் கேட்டார்கள். ஒவ்வொரு அடியோடும் கை நிறைய வளையல் குலுங்கியது. அவள் அதை மறைக்கப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே கையை உயர்த்தி உயர்த்தி அடித்தாள். கடைசியில் கல்லின் ஓரத்தில் அந்த ஒற்றை அடி விழுந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளால் வந்த வெட்கம் இல்லை, என்னால் வந்தது. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான் சொல்லாததால் அவள் பூஜைத் தகட்டை எடுத்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. போய்த் தகரத்தை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது தடாரென்று ரோட்டில் விழுந்தது.

மஞ்சள் புடவையில், கையில் ரெண்டு தகடுகளோடு, விரலெல்லாம் சந்தனமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. தலை குனியவில்லை.

"இவதாண்ணே மாஸ்டர்," என்றேன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டேன். "என் சம்சாரம். பேரு சாமுண்டீஸ்வரி. மாரியப்பன்னு யாரும் கெடையாது. நான்தான் பொய் சொன்னேன்."

பின்னாலிருந்து எவனோ களுக்கென்று சிரித்தான். பக்தவத்சலம் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு அங்கேயே செத்தது.

"கார்த்தி மாசத்துலேர்ந்தா?" என்று அவளைக் கேட்டார்.

"கார்த்தி மாசத்துலேர்ந்துதாண்ணே."

"நான் துன்னதெல்லாம்?"

"நான் போட்டதுதான்."

ராஜசேகரன்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தவர். "போன வாரம் அண்ணன் ஒரு பொட்டலம் குடுத்தாரு. பிரிச்சு ஒரு வாய் வச்சப்பவே நெனச்சேன். எங்க ஊருப் பரோட்டா எண்ணெயிலே பொரிச்சு மொறுமொறுன்னு இருக்கும்மா. இது அது இல்ல. ஆனா ஒண்ணு சொல்லுறேன், இப்படி ஒரு கொத்த எங்க ஊருலயும் நான் தின்னதில்ல."

என் நெஞ்சு நிமிர்ந்ததைச் சொல்லி முடியாது. விருதுநகர்க்காரன் சொன்ன சொல் அது.

பக்தவத்சலம் இன்னும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். அடுத்தவன் மனைவிக்கு எப்படித் துண்டு போடுவது? என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "எனக்கின்னாத்துக்குண்ணே? அவளாண்ட குடுங்க."

அவர் கல்லுக்குப் போய் மாலையை அதன் மேல் வைத்தார். துண்டை அவளிடம் ரெண்டு கையாலும் நீட்டினார். "பூசைல வெச்சத எடுத்துட்டியேம்மா," என்றார் மெதுவாக.

"தொழில காட்டினா கோச்சிக்கிற சாமியாண்ணே அது?"

"கோச்சிக்காது, கோச்சிக்காது," என்று அவசரமாகச் சொன்னார். ஃபோர்மேன் அப்படித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. "ஆனா ஒண்ணும்மா. இத்தினி நாளு மாஸ்டர் மாஸ்டர்னு கத்திகினு இருந்தேன். இனிமே உன்ன இன்னான்னு கூப்புடறது? தங்கச்சின்னு கூப்புடட்டா?"

சாமுண்டீஸ்வரி துண்டை உதறினாள். பரோட்டாக் கடைகளில் மாஸ்டர்கள் கட்டுவார்களே, அப்படித் தலையில் இறுக்கி ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினாள்.

"மாஸ்டர்னே கூப்புடுங்க," என்றாள். "அத்த கேட்டாதான் என் கை ஓடுது."

அப்போதுதான் அவள் கண்ணில் நீர் வந்தது. புறங்கையால் துடைத்ததில் நெற்றியெல்லாம் சந்தனம் ஆயிற்று. உடனே என் பக்கம் திரும்பினாள். "இன்னாயா பாத்துகினு நிக்கற? நாளைக்குன்னு பிசைஞ்ச மாவு கீது. அடுப்ப பத்த வையி. முட்ட இன்னிக்குக் கெடையாது, காய் சால்னாதான். எலைய போடு."

பக்தவத்சலம் தன் வழக்கமான பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒரு தடவை இருமிக்கொண்டார். பிறகு ரோடே கேட்கும்படி, "மாஸ்டர், நாலு கொத்து!" என்றார்.

"காரம் எப்டிண்ணே? அன்னிக்குச் சப்பாத்தி பத்தி சொன்னீங்களே, அந்தக் காரமா?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ஊட்ல உங்க பீடி நாப்பது கட்டு கீது, வந்து எடுத்துகினு போங்க," என்று அவள் மேலும் ஒரு போடு போட்டாள்.

மறுநாள் நாலைந்து பேர் வரவில்லை. எதிர்க் கடையில் நின்று தின்றார்கள். போகட்டும் என்று விட்டேன். அதில் மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல இலை கேட்டார்கள். அவர்களைவிடப் பெரிய விஷயம் வேறு. எலக்ட்ரிக் சாமான் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள், கடையில் உட்கார்ந்து தின்னத் தயங்கி எத்தனையோ நாள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறியவர்கள், அடுப்படியில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்து மெல்ல ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்தார்கள். இப்போது அவர்களுக்கே ரெண்டு பெஞ்சு வேண்டியிருக்கிறது. எதிர்க் கடைக்காரன் வயிறு எரிந்தான். எரியட்டும்.

அந்தத் தகரத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் வெள்ளை அடித்து, 'சாமுண்டீஸ்வரி பரோட்டா ஸ்டால்' என்று எழுதிக் கூரையில் மாட்டினேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும்.

கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து, "மாஸ்டர் எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "பட்டாபிராம். என் சம்சாரம்" என்று அடுப்பைக் காட்டிச் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.